மேசையை விட்டு எழுந்தவர்கள்

டிராக்டர் மெக்கானிக்கின் மகள் மாரென், அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் நீதிபதி ஓக்கர்லண்டின் சட்ட உதவியாளர். வேலையில் சேருவதற்கே லட்சம் டாலர் போனஸ் தருவதாக ஒரு பெரிய சட்ட நிறுவனம் நேற்று சொன்னது. அவ்வளவு பணத்துக்கு எந்தத் தலைதான் ஆடாது? மாரெனும் சரியென்று தலையாட்டிவிட்டாள்.

இன்று மதியச் சாப்பாட்டு மேசையில் நீதிபதி பேச எடுத்தது அதே நிறுவனம் வாதாடும் வழக்கு. அங்கே சேரப்போகிறவள் அதைத் தொடவே கூடாது. தீர்ப்பின் வரைவோ மாரென் எழுதியது.

சாண்ட்விச்சோடு எழுந்தாள். "ஜட்ஜம்மா, இந்தக் கேஸ்ல நான் இருக்கக் கூடாது."

"எவ்வளவுக்குப் படிஞ்சுது?" என்று சிரித்தான் சக உதவியாளன் குவென்டின்.

நீதிபதி சிரிக்கவில்லை. வரைவைக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

"வேற யாராவது எழுந்திருக்கணுமா?"

குவென்டின் மெல்ல நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.