பாட்டு வேண்டும், கதை வேண்டாம்

மலையையே சிவனாகக் கும்பிடும் ஊரில் இருக்கிற எங்கள் சபையில் பல வருடங்களாக ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டு நடத்தியவள் நான். பாடியதில் பாதி நானே எழுதி மெட்டுப் போட்டவை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தாவில் உட்கார்ந்து எழுதிய பாட்டை இன்றும் துக்க வீடுகளில் பாடுகிறார்கள்.

மகளுக்குச் சோறு ஊட்டும்போது சொன்ன கதையையும் ஒருநாள் எழுதினேன். மலைக்குள் ஒளி நிறைந்த ஒரு ஊர். அங்கே வழிதவறிய சிறுமியை, பேசும் ஆடு ஒன்று வெளியே கூட்டி வருகிறது. சென்னையில் ஒரு பதிப்பகம் அதைப் படங்களோடு புத்தகமாகப் போட்டது. முதல் பிரதியைப் பெருமையோடு பாஸ்டரிடம் கொடுத்தேன்.

அடுத்த வாரம் கூப்பிட்டார். புத்தகம் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது.

"மலைக்குள்ள ஒளி இருக்குதுனு எழுதியிருக்கீங்க. இந்த ஊர்ல இருந்துகிட்டு அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியாதா சிஸ்டர்?"

"அது எந்த மலையும் இல்ல பாஸ்டர். கற்பனை."

"ஆடு பேசுறது?"

"பைபிள்ல கழுதை பேசலீங்களா? இயேசு சொன்ன உவமையெல்லாம் கதைதானே?"

"அவரு கர்த்தரு. நீங்க யாரு?"

புத்தக விற்பனையை நிறுத்திவிட்டு, தவறு செய்துவிட்டேன் என்று சபைக்கு முன்னால் சொல்ல வேண்டுமாம். மாட்டேன் என்றேன்.

"அப்போ கொஞ்ச நாள் பாட்டு லீட் பண்ண வேணாம். ரெஸ்ட் எடுங்க."

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "ஒரு சாரி சொல்லிட்டா முடிஞ்சிடும்ல?" என்றார், டிவியை விட்டுக் கண்ணெடுக்காமல். பாஸ்டர் பேசியதைவிட அது அதிகமாக வலித்தது.

கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளியில் அந்தக் கதையைப் படித்துக்காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். அதையாவது செய்வோம் என்றிருந்தேன். முந்தின நாள் தலைமையாசிரியை போன் செய்தார்.

"கதை ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஆனா நீங்க சர்ச்ல பாடுற வீடியோவ பேரன்ட்ஸ் பாத்துட்டாங்க. மதம் மாத்த வர்றாங்கனு பேசிக்கிறாங்க. தப்பா நினைக்காதீங்க."

சபைக்கு நான் மலையைக் கும்பிடுகிறவள். பள்ளிக்கு மதம் மாற்றுகிறவள். கதையில் இரண்டுமே இல்லை என்று இரண்டு இடத்திலும் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

ஞாயிறன்று நான் பழக்கிய பெண்ணே மைக்கைப் பிடித்தாள். என் பாட்டைத்தான் பாடினாள். திரையில் வரிகள் ஓடின, எழுதியவர் பெயர் இல்லாமல். சுற்றிலும் கை தட்டிப் பாடினார்கள். கடைசி பெஞ்சில் நான் வாயே திறக்கவில்லை. பாடி முடித்தவள் என் பக்கம் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது பாஸ்டர் போன் செய்தார்.

"புதுசா ஒரு பாட்டு எழுதிக் குடுங்க சிஸ்டர். நம்ம பொண்ணுங்க பாடிடுவாங்க."

"பாட்டு வர்றதில்ல பாஸ்டர்."

"ஜெபம் பண்றோம். வரும்."

பொய்தான் சொன்னேன். ஒரு பாட்டு வந்திருந்தது, பல்லவியும் இரண்டு சரணமும். கீபோர்டில் வாசித்தும் பார்த்திருந்தேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வேறு யாரோ எழுதிய பாட்டுகளைப் பாடினார்கள். நன்றாகவே இருந்தது ஆராதனை. நான் இல்லாமல் எதுவும் நின்றுவிடவில்லை. நான் எழுதி வைத்த அந்தப் பாட்டை இதுவரை யாரும் கேட்கவில்லை. பாடிக்காட்டும் ஆசை எனக்கும் போய்விட்டது.