இரண்டு விரற்கடை குறைந்த குழாய்

சின்னமனூரில் பைப்புக் கடை வைத்திருக்கும் ஸ்டான்லியின் மனைவி ஜெபஷீலாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எல்போ, சாக்கெட், வால்வு எல்லாவற்றையும் பெட்டி மாற்றி அடுக்குவாள். அடுத்த வாரம் அதையே பழையபடி அடுக்குவாள். மகள் மகிமா கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு இது இன்னும் கூடிப்போனது. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கடைக்குத் திரும்பிவிடுவாள். அந்த வீட்டு அமைதி அவளை விரட்டியது.

சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். நடை அவளுக்குப் போதவில்லை. மேகமலை எஸ்டேட்டிலிருந்து மாற்றலாகிப் போன ஒருவரிடம் பழைய மலை சைக்கிள் ஒன்றை வாங்கினாள். விடியும் முன்னே கிளம்பி, மலையடிவாரம் வரை மிதித்துவிட்டுக் கடை திறக்கும் நேரத்துக்கு வந்துவிடுவாள். சுடிதார் போட்ட பொம்பளை சைக்கிளில் போவதை ஊர் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தது. அப்புறம் அதற்கும் வேறு வேலை வந்துவிட்டது.

அந்த சைக்கிளின் ஃபோர்க் தேய்ந்துபோனது. முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற கால் அது. பள்ளத்தில் அமுங்கி எழ வேண்டியது, அமுங்கியபடியே நின்றது. பிரேக் பிடித்தால் கைக்குள் டொக் டொக்கென்று ஆடியது. தேனியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முத்துராஜா பார்த்துவிட்டு, இது ரிப்பேருக்கு அடங்காது, புதுசுதான் போட வேண்டும், இந்த அளவுச் சக்கரத்துக்கு இப்போது ஃபோர்க் கிடைப்பதே அபூர்வம் என்றான். எங்கெங்கோ கேட்டு, ஒரு மாதம் கழித்து வரவழைத்துத் தந்தான். ஃபோர்க்கின் மேல் குழாய் நீளமாகத்தான் வரும், சைக்கிளுக்குத் தக்கபடி அறுத்துக்கொள்ள வேண்டும்.

“அக்கா, மச்சினன் கல்யாணத்துக்கு ராஜபாளையம் போறேன். வியாழக்கிழமை சைக்கிளைக் கொண்டாங்க, நானே அறுத்து மாட்டித் தாரேன். அதுவரைக்கும் கை வைக்காதீங்க.”

சரி என்று தலையாட்டிவிட்டு, ஃபோர்க்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தது. சாப்பிட்டுவிட்டு ஸ்டான்லி தூங்கிப்போனார். ஜெபஷீலா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். மகிமாவுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. ஃபோர்க்கைப் பார்த்தாள். தினமும் பைப்பு அறுக்கிற கைதானே என்று தோன்றியது.

பழைய ஃபோர்க்கைக் கழற்றிப் புதியதோடு சேர்த்துத் தரையில் நிறுத்தினாள். பழைய குழாய் முடிகிற உயரத்துக்குப் புதியதில் கோடு போட்டு, ரம்பத்தால் அறுத்தாள். நேராக, பிசிறில்லாமல் அறுத்தாள். மாட்டும்போதுதான் தெரிந்தது. புதிய ஃபோர்க்கின் கால்கள் பழையதைவிட உயரம். கீழே சமமாக நிறுத்தி மேலே அளந்ததில் குழாய் இரண்டு விரற்கடை குறைந்துவிட்டது. இடையில் இருந்த வளையங்களை எடுத்துவிட்டுப் பார்த்தாள். அப்போதும் ஹேண்டில்பாரைக் குழாயோடு இறுக்குகிற பிடி, குழாயைப் பாதிதான் கவ்வியது. திருகாணிகளை முடிந்த மட்டும் முறுக்கினாள்.

எழுந்து வந்த ஸ்டான்லி கீழே கிடந்த துண்டைப் பார்த்தார். “பைப்புன்னா சாக்கெட் வச்சு ஒட்டிக்கலாம். இதை என்ன செய்வ, ஷீலா?”

அவள் துண்டை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

மறுநாள் அவர் எழும் முன்னே கிளம்பிவிட்டாள். ஒரு மாதமாக மிதிக்காத கால். ஃபோர்க் பள்ளங்களை அழகாக வாங்கியது. மலையடிவாரத்துத் தென்பழனி செக்போஸ்ட்டைத் தாண்டி, எப்போதும் திரும்புகிற இடத்தில் திரும்பாமல் மேலே ஏறினாள். பிடியில் கிறீச் கிறீச்சென்று சத்தம் கேட்டது. கேட்காததுபோல மிதித்தாள். இறங்கும்போது ஒரு வளைவில் பிரேக் பிடித்துத் திருப்பினாள். ஹேண்டில்பார் திரும்பியது, சக்கரம் நேரே போனது. சாலையோரக் கட்டைச் சுவரில் மோதி விழுந்தாள். சுவருக்கு அப்பால் வெறும் மரத்தலைகள்.

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளிறக்கிவிட்டு வந்த ஜீப் அவளையும் சைக்கிளையும் ஏற்றிவந்தது. முழங்கையில் தையல். ஸ்டான்லி திட்டவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, “நீ எங்க போகணும்னு துடிக்கிறேன்னு எனக்குத் தெரியல. போ. ஆனா சொல்லிட்டுப் போ” என்றார். ஜெபஷீலா அப்போதுதான் அழுதாள். வீட்டில் இருந்தால் மூச்சு முட்டுது, எங்கே போகணும்னு எனக்கும் தெரியல என்றாள்.

தையல் பிரிக்கிற வரை கடையில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்ததுதான் அவளுக்குப் பெரிய தண்டனை.

தையல் பிரித்ததும் சைக்கிள் தேனிக்குப் போனது. முத்துராஜா குழாயை விரலால் அளந்து பார்த்தான். பழைய சாமான் டப்பாவைக் கொட்டித் தேடி, உயரம் குறைந்த பிடி ஒன்றை எடுத்தான். அது குழாயை முழுசாகக் கவ்வியது. “தப்பிச்சீங்க. இன்னும் ஒரு நூல் அறுத்திருந்தா ஃபோர்க்கையே தூக்கிப் போட வேண்டியதுதான்” என்றான். அவன் மாட்டி முடிக்கிற வரை அவள் கடைக்கும் டீக்கடைக்குமாக அலைந்தாள்.

தேனியிலிருந்து அவள் மிதித்துத் திரும்பும்போது ஸ்டான்லி மொபெட்டில் பின்னாலேயே வந்தார். வீரபாண்டி தாண்டியது, சீலையம்பட்டி தாண்டியது. சின்னமனூரில் வீட்டுத் தெரு வந்தபோது அவர் ஹாரன் அடித்தார். ஜெபஷீலா வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

“குச்சனூர் வரைக்கும் போயிட்டு வாரேன்” என்றாள்.

அவர் வண்டியைத் தெருவுக்குள் திருப்பினார். அவள் மிதித்தாள்.