நிலா இல்லாத துஜாவும் குக்குப் சேற்றுக்கரையும்

இன்று சனிக்கிழமை. பெக்கான் நானாஸிலிருந்து குக்குப் வரை போய் வந்தேன். போர்வைக்குள் கைப்பேசியின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன், பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளை காலைக்குப் பிறகு இந்தக் கைப்பேசி என் கையில் இருக்குமா என்பது தெரியாது. அதனால்தான் இந்த அவசரம்.

இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே இல்லாத உலகங்களுக்கு உயிரினங்கள் செய்கிறவர்கள். கரையோர உயிர்களை வரைவதற்கு முன் நேரில் பார்க்க ஜொகூரில் எங்கே போகலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கும் சேர்த்துத்தான் இது. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விளக்கம்: துஜா என்பது நானும் என் தோழி ஜனனியும் இரண்டாம் படிவத்தில் படிக்கும்போதிருந்து உருவாக்கிவரும் கிரகம். துளசியின் துவும் ஜனனியின் ஜாவும். முழுக்கக் கடல், ஒரே ஒரு நீளமான கண்டம், நிலா கிடையாது. நிலா வேண்டாம் என்றது ஜனனி. ராத்திரிகள் மையிருட்டாக இருந்தால்தான் அவளுடைய மினுக்கிகள் வாழ முடியும்.

மினுக்கி, கயிறு போன்ற உடம்பில் ஒளிப்பட்டைகள் கொண்ட உயிர். ராத்திரியில் கடல் மட்டத்துக்கு வந்து, மிக மெல்லிய வெளிச்சத்தில், தொடுவானம் வரைக்கும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும். முட்டைக்குள் இருக்கும்போதே தாய் மின்னும் தாளத்தைக் குஞ்சு கற்றுக்கொள்ளும். பூமியிலும் நிலா இருக்கிறதே, மின்னும் மீன்களும் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். அவை ஆழத்தில் மின்னுகின்றன, அல்லது பக்கத்தில் இருக்கும் உயிருக்காக மின்னுகின்றன. மினுக்கியின் பேச்சு பல கிலோமீட்டர் தாண்ட வேண்டும். கொஞ்சம் நிலவொளி விழுந்தாலும் அது அழிந்துவிடும்.

என்னுடையவை முக்காலிகள். அவற்றின் மூதாதை கடலடியில் ஒட்டிக்கொண்டு ஐந்து கைகளால் இரை பிடித்த ஒன்று. இரண்டு கைகள் சுருங்கிச் செவுள்மூடியாக மாறின, மூன்று கால்களாயின. நீர் வற்றும்போது முதுகுப் பையில் தண்ணீரைச் சுமந்துகொண்டு சேற்றில் நடக்கும், நீர் ஏறும்போது திரும்பிவிடும். வானமும் ஆழ்கடலும் ஜனனியின் பொறுப்பு, கரை என் பொறுப்பு. அப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இனம் அழிந்தால் அழிந்ததுதான், திரும்பி வராது. அந்த இனத்தை உருவாக்கியவளே அதன் கடைசி உயிரை வரைய வேண்டும். இதுவரை நாங்கள் இருவரும் எப்படியாவது சாக்குச் சொல்லி அவரவர் இனத்தைக் காப்பாற்றிக்கொள்வதில்தான் பாதி நேரத்தைச் செலவழித்திருக்கிறோம்.

முக்காலியின் நடை எனக்கு வரவே இல்லை. சேற்றில் நடக்கும் மீன்களைப் பார்த்தால் வரும் என்று தோன்றியது. பொந்தியானில் எஸ்பிஎம் தேர்வுக்கான கருத்தரங்கு என்று அம்மாவிடம் சொன்னேன். ஜனனியும் அதையே தன் வீட்டில் சொன்னாள். தேர்வு முடியும்வரை இந்த "மீன் படம்" பக்கம் போவதை இன்னொரு முறை பார்த்தால் கைப்பேசி அவருடைய இரும்பு அலமாரிக்குள் போய்விடும் என்று அப்பா போன மாதமே சொல்லியிருக்கிறார்.

பெக்கான் நானாஸிலிருந்து பொந்தியான் பஸ் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், ஆளுக்கு மூன்று ரிங்கிட். 8:40க்கு ஏறினோம், ஒன்பதரைக்கு முன் இறங்கினோம். நிலையத்துக்குப் பக்கத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் இரண்டு ரிங்கிட் ஐம்பது காசு. வாங்கிக்கொள்ளுங்கள், குக்குப்பில் கடலுணவுக் கடைகள் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அங்கிருந்து குக்குப்புக்கு இன்னும் இருபது கிலோமீட்டர் இருக்கும். பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. டாக்சி, போக வர ஐம்பது ரிங்கிட் என்று பேசினோம்.

ஓட்டுநர் தமிழர், அப்பா வயது. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் கண்ணாடியில் என்னை இரண்டு முறை பார்த்துவிட்டார்.

"நீ பெக்கான் நானாஸ் ஸ்கூல் பஸ் ராஜு மகதானே? மூக்கு அப்படியே அவன் மூக்கு."

ஜனனி முந்திக்கொண்டாள். "இல்ல அங்கிள், இவ என் சித்தப்பா மக."

"அப்படியா? சித்தப்பா பேரு?"

ஜனனி வெளியே பார்த்தாள். "...ராஜு."

அவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "நல்லா பொய் சொல்றம்மா நீ. சரி, எங்க போறீங்க ரெண்டு பேரும்? பையன் கியன் யாராச்சும் காத்திருக்கானா?"

"மீன் பாக்க போறோம் அங்கிள்," என்றேன்.

"இத விட நல்ல பொய் அவளே சொல்லுவா லா." பிறகு வேகத்தைக் குறைத்தார். "நானா போய் அவன்கிட்ட சொல்ல மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை காலையில நாங்க ஒன்னாத்தான் தே தாரிக் குடிப்போம். அவன் கேட்டா, இல்லன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு மணிக்கு இதே எடத்துல நில்லுங்க, பத்திரமா கொண்டு வந்து விடுறேன்."

நாளை ஞாயிற்றுக்கிழமை.

குக்குப் தண்ணீரின் மேல் கால் ஊன்றி நிற்கும் சீன மீனவர் குடியிருப்பு. வீடுகளுக்கு இடையே ஒடுக்கமான சிமெண்டுப் பாதை, அதற்குக் கீழே கடல். நாங்கள் போனபோது கடல் இல்லை, பளபளவென்று சாம்பல் நிறச் சேறு மட்டும். இன்று கடல் வற்றும் நேரம் 11:50 என்று கைப்பேசிச் செயலியில் பார்த்துத்தான் கிளம்பியிருந்தோம். நீங்களும் அதைப் பார்க்காமல் போகாதீர்கள்.

சேற்றில் நடக்கும் மீனை இங்கே தெம்பாக்குல் என்கிறார்கள். முதலில் ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் சேறு முழுக்க அவைதான். முன் துடுப்புகள் இரண்டையும் ஊன்றி, உடம்பை இழுத்து, கொஞ்சம் நின்று, மறுபடி ஊன்றி இழுக்கின்றன. கன்னம் நிறையத் தண்ணீர். என் முக்காலி நடக்கும்போது ஒரு காலை முன்னால் வைத்து வரைந்துகொண்டிருந்தேன். தவறு. இரண்டை ஊன்றி ஒன்றை இழுக்க வேண்டும். எனக்குச் சந்தோஷத்தில் தலை கால் புரியவில்லை. இறால் காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, இந்த மீனைப் பூனைகூடத் தின்னாதே, இதையா படம் எடுக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டுச் சிரித்தார்.

ஒரு மணி வாக்கில் தண்ணீர் திரும்பி வர ஆரம்பித்தது. பாதையிலிருந்து இறங்கும் மரப்படிகளில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். ஜனனி செயலியைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்துல நிலா படம் போட்டிருக்கான் பாரு."

"அழகுக்குப் போட்டிருப்பான்."

"அழகுக்கா? நிலாதானேடி தண்ணிய இழுக்குது."

சொன்ன பிறகு அவள் வாயை மூடவில்லை. நானும் மெல்வதை நிறுத்திவிட்டேன்.

"அலமாக்," என்று தலையில் அடித்துக்கொண்டாள் ஜனனி. "துளசி, நம்ம துஜாவுல நிலா எங்க?"

நிலா இல்லை. நிலா இல்லாத கடலில் என் முக்காலிகள் தினமும் நீர் வற்றக் காத்திருந்து ஒரு கிலோமீட்டர் சேற்றில் நடந்துகொண்டிருந்தன. மூன்று வருடமாக. இருவருமே பௌதிகத்தில் ஏ. வானம் ஒருத்திக்கு, கரை ஒருத்திக்கு என்று பிரித்துக்கொண்டு, இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துப் பார்க்காமலே இருந்திருக்கிறோம்.

"சூரியனும் இழுக்கும்ல?" என்றேன்.

"இழுக்கும். இந்தப் படியில ஒரு படி ஏறும். ஒரு படிக்கா உன் முக்காலி மூனு காலு வளர்த்துச்சு?"

"சூரியனைச் சின்னதா வெச்சு, துஜாவைக் கிட்ட கொண்டு போனா?"

"அப்புறம் ஒரே பக்கம் சூரியனைப் பாத்துக்கிட்டே நிக்கும். ஒரு பக்கம் ராத்திரி, ஒரு பக்கம் பகல். தண்ணி ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது. ரெண்டு பேருக்கும் நாமம்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "நிலா வெச்சா என்னுது செத்துடும். வெக்கலன்னா உன்னுது."

முதல் படி நனைந்திருந்தது. நான் வேகமாகப் பேசினேன். கரையே இல்லாத கடல் என்ன கடல் என்றேன். இப்போதுதான் நடை கிடைத்தது என்றேன். அவள் பொட்டலத் தாளை மடித்துக்கொண்டிருந்தாள். அப்போது இதைச் சொன்னேன்: "நீ இப்பல்லாம் புதுசா ஒன்னும் வரையறதே இல்லையே ஜனனி."

வார இறுதிகளில் அவள் அம்மாவின் அன்னாசிக் கடையில் நிற்கிறாள், இன்றைக்குத்தான் விடுப்புக் கேட்டு வந்திருந்தாள். அது எனக்குத் தெரியும்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி. நிலா வெச்சுக்கலாம்."

நிஜமாகவா என்று நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

டாக்சி சொன்னபடி இரண்டு மணிக்கு வந்தது. திரும்பும் வழி முழுக்க நான் முக்காலியைப் பற்றிப் பேசினேன். பாதி வழியில் அங்கிள் கேட்டார், "காலையில பொய்யா அடுக்கின பொண்ணு இப்ப வாயே தொறக்க மாட்டேங்குது, ஒடம்பு சரியில்லையா?"

"தூக்கம் வருது அங்கிள்," என்றாள் ஜனனி.

வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கருத்தரங்கில் என்ன சொன்னார்கள் என்று மட்டும் அம்மா கேட்டார். பௌதிகம் என்றேன். எல்லோரும் படுத்த பிறகு துஜாவின் வானப் பக்கத்தைத் திறந்து புது நிலாவைச் சேர்க்க ஆரம்பித்தேன். எடை எழுதினேன். தூரம் எழுதினேன். அடுத்து நிறம்.

அங்கே நின்றுவிட்டேன். தண்ணீரை இழுப்பது நிலாவின் எடை. அதன் நிறத்துக்கும் ஏற்றவற்றத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கரி போல ஒரு நிலா, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாத நிலா இருந்தால் கடல் ஏறும், இறங்கும், ராத்திரி இருட்டாகவே இருக்கும். முக்காலி நடக்கலாம், மினுக்கி பேசலாம். யாரும் சாக வேண்டியதில்லை. ஜனனிக்கு அனுப்பினேன். உடனே பார்த்தாள்.

"தெரியும்," என்று வந்தது. "கார்லயே தோணுச்சு."

"ஏன்டி சொல்லல??"

எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று வெகுநேரம் காட்டியது. வந்தது ஒரு வரி.

"நீ வழி தேடுறியான்னு பாத்தேன்."

அதற்குப் பிறகு ஒரு படம் அனுப்பினாள். பொந்தியானிலிருந்து திரும்பிய பஸ்ஸிலேயே வரைந்திருக்கிறாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு மினுக்கி, கடல் மட்டத்தில், எல்லாப் பட்டைகளையும் ஏற்றிக்கொண்டு. சுற்றிலும் நிலவொளியில் வெளுத்த தண்ணீர். தொடுவானம் வரைக்கும் வேறெதுவும் இல்லை.

மன்னித்துவிடு என்று எழுதினேன். அதை அவள் இன்னும் பார்க்கவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால்: வற்ற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே இருங்கள். தொப்பியும் தண்ணீரும் வேண்டும், பாதையில் நிழல் குறைவு. வீடுகளுக்கு நடுவேதான் நடக்கிறீர்கள், சத்தம் போடாதீர்கள். போக வர, சாப்பாடு உட்பட, இருவருக்கு எழுபது ரிங்கிட் போதும். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அலமாரிச் சாவியின் சத்தத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வியர்க்கிறது. இருவராகச் சேர்ந்து செய்த உலகம் என்றால், அதில் எதைக் கொல்வது என்பதை அங்கே படியில் உட்கார்ந்து தீர்மானிக்காதீர்கள். தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே பேசினால் நேரமே இல்லை என்று தோன்றுகிறது. எங்களுக்கு நேரம் இருந்தது. எஸ்பிஎம் முடிந்து ஒரு வருடம் கழித்துக்கூட முடிவெடுத்திருக்கலாம்.

நிலாவின் பக்கத்தில் எடையும் தூரமும் இருக்கின்றன. நிறம் என்ற இடத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன். வானம் அவளுடையது. கைப்பேசி போனாலும் திங்கட்கிழமை பள்ளியில் ஜனனியைப் பார்ப்பேன். என்ன நிறம் வைக்கலாம் என்று கேட்கப் போகிறேன். வெள்ளை என்று அவள் சொன்னால் வெள்ளைதான் எழுத வேண்டும்.