சிங்கப்பூரிலிருந்து வராத பிக்கப்

எட்வின் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் தபேலா கபாலி. காலை பத்து மணி இருக்கும். ஒரு மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "எட்வின் பூட்டாருக்கா" என்றார். மேற்கொண்டு பேச முடியாமல் அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டேன். சொன்னார். நான் போகவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கபாலியே மறுபடி அழைத்தார். முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். "அந்தக் கிடார ரிப்பேர் பண்ணப்ப நீங்கதானேக்கா கூட இருந்தீங்க? ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க."

"கூட இருந்தேனா?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "எனக்கு நல்லதா எழுத வராது கபாலி."

"இன்னா வருதோ அத எழுதுக்கா. ஒரு எழுத்த மாத்தமாட்டேன்."

அவர் சொன்ன சொல்லை நம்பி எழுதுகிறேன். இதில் எட்வினை 'அவர்' என்று குறிப்பிடுவது அச்சு மரியாதைக்காக மட்டுமே.

என்னைத் தெரியாதவர்களுக்கு: எண்பதுகளில் திண்டிவனத்தில் என் அண்ணன் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். சுற்றுவட்டாரக் கிணறுகளில் எரிந்துபோகும் பம்புசெட் மோட்டாரெல்லாம் எங்களிடம் வரும். பத்தாவதோடு என் படிப்பை நிறுத்திக் கடையில் உட்கார வைத்தார்கள். இரண்டே வருடத்தில் அண்ணனைவிட வேகமாகவும் ஒழுங்காகவும் கம்பி சுற்றினேன். ஆனால் மோட்டாரின் சொந்தக்காரர் உள்ளே வந்தால் நான் எழுந்து பலகைத் தடுப்புக்குப் பின்னால் போய்விட வேண்டும். "பொம்பள சுத்துன மோட்டாருன்னா எவன் கெணத்துல எறக்குவான்?" என்பான் அண்ணன். அவன் சுற்றியதாகவே ஊர் நினைத்தது.

எட்வினுக்கு ரயில்வேயில் வேலை, விழுப்புரத்தில் வீடு. மெல்லிசைக் குழு ஒன்றை நடத்திவந்தார். பாண்டிச்சேரியில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய எலெக்ட்ரிக் கிடார் ஒன்றை வாங்கினார். அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பாசஞ்சர் வண்டியில் திண்டிவனம் வந்து இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. கடற்காற்றில் கிடந்த பொருள். திருகாணியெல்லாம் துரு. கழுத்துப் பலகை வளைந்திருந்தது. நரம்புகளுக்கு அடியில் இரண்டு பிக்கப் இருந்தன. பிக்கப் என்பது வேறொன்றுமில்லை, காந்தத்தைச் சுற்றிய ஒரு காயில். நரம்பு அதிர்வதை மின்சாரமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதுதான். இரண்டுமே செத்திருந்தன.

அண்ணன் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, இது நமக்கு ஆகாது என்று கையை விரித்தான். நான் தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "காந்தம் நல்லாத்தான் இருக்குது. கம்பிதான் அரிச்சுப்போச்சு. சுத்தலாம்" என்றேன்.

எட்வின் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு சுத்துவா?"

"நான்தான்."

"சுத்து, பாக்கலாம்."

தடுப்புக்கு வெளியே ஓர் ஆளோடு நான் பேசிய முதல் தொழில் பேச்சு அது. அதனால்தான் அவர்மேல் எனக்கு இத்தனை வருடக் கோபம். முதலிலேயே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மறந்துபோயிருப்பேன்.

சென்னையில் ரேடியோ சாமான் விற்கும் தெருவில் அவரே அலைந்து கம்பி வாங்கி வந்தார். தலைமுடியைவிட மெல்லிசு. மோட்டார் கம்பியில் பழகிய விரலுக்கு அது இருப்பதே தெரியாது. ஃபேன் காயில் சுற்றும் கைமெஷினில் பொருத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றுவேன். பல ஆயிரம் சுற்று. கொஞ்சம் இழுத்தால் அறுந்துவிடும். முதல் நாள் மூன்று முறை அறுந்தது. எட்வின் எதிரே முக்காலியில் உட்கார்ந்து கழுத்துப் பலகையை நிமிர்த்திக்கொண்டிருப்பார். துருப்பிடித்த திருகாணிகளுக்குப் பதில் சைக்கிள் கடையில் பொறுக்கியவற்றை அரம் போட்டு இழைப்பார். வால்யூம் திருகுவதற்கு ஒரு பழைய ரேடியோவின் உறுப்பைக் கொண்டுவந்தார். உழைப்பாளி இல்லை என்று சொல்லமாட்டேன். கம்பி அறுந்தால் மட்டும் நிமிர்ந்து, "கை நடுங்குதா? போயி சமையலப் பாரு" என்பார்.

இரக்கமும் கிடையாது. ஒருநாள் கிளியனூரிலிருந்து ஒரு விவசாயி மாட்டுவண்டியில் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பூவெடுக்கும் நேரம், தண்ணீர் இல்லாமல் வாடுகிறது. நான் பிக்கப்பை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தேன். எட்வின் அந்த மனிதர் காதுபடவே, "என் வேலை பாதியில நிக்குது. மல்லாட்டை ஒரு நாள் காஞ்சா செத்தா பூடும்?" என்றார். விவசாயி தலையைக் குனிந்துகொண்டார். நான் பிக்கப்பைத் தொடவில்லை, தடுப்புக்குப் பின்னால் அந்த மோட்டாரைத்தான் கட்டினேன். எட்வின் அன்று மாலைவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறினார்.

ஆனால் காது இருந்தது. அதை மறுத்தால் நான் பொய் சொன்னவளாவேன். முதல் காயிலைப் பொருத்தி நரம்பை மீட்டியதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவர் முகத்தைச் சுளித்தார். "இதுல ஈ இருக்குது" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபயரோடு காதை ஒட்டினேன். ரீங்காரம். மேலே எரிந்த டியூப்லைட்டிலிருந்தும் சுவருக்குள் ஓடும் ஒயரிலிருந்தும் காயில் வாங்கிக்கொண்ட ஓசை. ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து உள்ளிருந்த செப்புத் தகட்டை எடுத்துச் சுற்றிப் பார்த்தேன். குறைந்தது. "ஈ பூட்டுது. கொசு இருக்குது" என்றார்.

நான்கு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மோட்டாரில் அடுத்தடுத்த காயிலை எதிரெதிர்த் திசையில் போடுவது எங்களுக்குப் பழக்கம். இரண்டாவது பிக்கப்பை இடச்சுற்றாகச் சுற்றினேன். அதன் காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது ஒன்று வாங்கும் ரீங்காரத்தை இன்னொன்று அடித்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வேறு ஊர்களில் இது தெரிந்த விஷயமாக இருந்திருக்கலாம். திண்டிவனத்தில் எனக்குத் தெரியாது, நானே கண்டுபிடித்தேன்.

அடுத்த செவ்வாய் எட்வின் வந்து மீட்டினார். கையை நரம்பின்மேல் வைத்து ஓசையை நிறுத்தினார். நிசப்தம். ஆம்ப்ளிஃபயர் எரிகிறதா என்று குனிந்து பார்த்தார். எரிந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "கனகா, நீ மனுசியே இல்ல" என்றார். கூலியை ஒழுங்காகக் கொடுத்தார். அதில் குறையில்லை.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் அந்தக் கிடார் முதலில் மேடையேறியது. பெண்கள் வரிசையில் நின்று கேட்டேன். இரண்டு பாட்டு முடிந்ததும் எட்வின் மைக்கை வாங்கி, "இந்தக் கிடாருக்குப் பிக்கப் சிங்கப்பூர்லருந்து வரவழைச்சோம்" என்றார். கூட்டம் கைதட்டியது. மேடைக்காகச் சொல்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். நானும் கைதட்டினேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இரண்டு மாதம் கழித்துக் கபாலி ஒரு டேபிள் ஃபேனை ரிப்பேருக்குக் கொண்டுவந்தார். பேச்சுவாக்கில் சொன்னார். சென்னையில் வாத்தியம் செய்து விற்கும் ஒருவர் விழுப்புரத்தில் கச்சேரி கேட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் வந்தாராம். இத்தனை சுத்தமாகக் கேட்கிறதே, யார் சுற்றியது, அப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன், கூட்டிப் போய் வேலை கொடுக்கிறேன் என்று கேட்டாராம்.

"எட்வின் இன்னா சொன்னாரு?"

"சிங்கப்பூர் சரக்குன்னாரு." கபாலி என் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார். "ஏங்க்கா, நீங்க சுத்துனதா அது?"

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து விழுப்புரம் போனேன். வீட்டில் சொல்லவில்லை. ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நேராக எட்வின் முன்னால் போய் நின்றேன்.

"மெட்ராஸ்லருந்து ஒருத்தர் கேட்டாராமே, யாரு சுத்துனதுன்னு?"

"கேட்டாரு. இன்னா இப்ப?"

"ஏன் என் பேரச் சொல்லல?"

கிடாரைக் கழற்றாமலே பேசினார். "தபாரு கனகா, திண்டிவனத்துல மோட்டாரு கட்ற பொண்ணு சுத்துச்சின்னு சொன்னா, அப்புறம் எவனும் கிடாரக் கேக்கமாட்டான். காதுல மோட்டாருதான் கேக்கும். எங்க செஞ்சதுன்னு தெரிஞ்சிட்டாலே கேக்கறவன் காது அடைச்சிடும்."

"அது மேடையில. அவரு தனியாத்தானே கேட்டாரு? வேலைக்கு ஆள் தேடிக்கினு வந்தவரு."

நரம்பைத் திருகிச் சுதி சேர்க்கத் தொடங்கினார். பிறகு, "நீ மெட்ராஸ் பூட்டன்னா நாளைக்கு இது கெட்டா யாரு பாப்பா?" என்றார்.

அதுதான் உண்மையான காரணம். காது அடைப்பதெல்லாம் பிறகு ஜோடித்தது. அவருக்குப் பக்கத்து ஊரிலேயே ஒரு கை வேண்டும், அந்தக் கைக்குப் பெயர் இருக்கக் கூடாது.

நான் போயிருப்பேனா, தெரியாது. அண்ணன் விட்டிருப்பானா, தெரியாது. ஆனால் என்னைக் கேட்டிருப்பார்கள்.

அன்று அந்த அறையில் குழுவைச் சேர்ந்த நீங்கள் ஏழு பேர் இருந்தீர்கள். நான்கு பேர் இன்றும் இருக்கிறீர்கள், இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கபாலி உட்பட. பாடகி ஒருத்தி மட்டும் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் குடிக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு மழைநாள் மதியம் எட்வின் கிடாரோடு கடைக்கு வந்தார். கழுத்துப் பக்கத்துப் பிக்கப் பேசவில்லை. வாங்கி மீட்டர் வைத்தேன். காயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, வெளியே வரும் முனை அறுந்திருந்தது. ஒரு சொட்டு ஈயம் வைத்தால் போதும். பத்து நிமிட வேலை.

"சரி பண்ணிடலாம்" என்றேன். "அடுத்த கச்சேரில மைக்ல என் பேரச் சொல்லணும். இது கனகவல்லி சுத்துனதுன்னு. ஒரே ஒரு வாட்டி."

"இத்தினி வருசம் சிங்கப்பூர்னு சொல்லிட்டு இப்ப எப்பிடிம்மா மாத்திச் சொல்றது? மானம் பூடும்."

"அப்ப எடுத்துக்கினு போங்க."

"பேஜாரு பண்ணாத கனகா."

நான் தடுப்புக்குப் பின்னால் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மழை விடும்வரை அவரும் நின்றார். விட்டதும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். வேறு யாரிடமும் அதைக் கொடுக்கவும் இல்லை. கொடுத்தால் திறந்து பார்த்து, கையால் சுற்றியது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு சாகும்வரை அவர் வாசித்தது ஒற்றைப் பிக்கப்பில். பின்பக்கத்துப் பிக்கப்பில் ஓசை மெலிந்து கூர்மையாக வரும். துணைக்கு இன்னொன்று இல்லாததால் அந்த ஈயும் திரும்பி வந்திருக்கும். அவருடைய காதுக்கு அது ஒவ்வொரு கச்சேரியிலும் கேட்டிருக்கும். இந்தப் பத்து நாளில் வந்த அஞ்சலியெல்லாம் படித்தேன். "எட்வினின் அந்தக் கூர்மையான நாதம்" என்று உருகாதவர் இல்லை. நண்பர்களே, அந்த நாதம் ஓர் அறுந்த கம்பி. ஒரு பெயரைச் சொல்ல மனம் வராத மனிதரும், பத்து நிமிடம் விட்டுக்கொடுக்க மனம் வராத நானும் சேர்ந்து செய்தது.

"சுதி சேராதவன்கூடச் சோறு திங்கமாட்டேன்" என்று அவர் அடிக்கடி சொல்வாராம். மலரின் அட்டையில் போடப்போவதாகக் கபாலி சொன்னார். போடுங்கள். நான் அவரோடு ஒருமுறைகூடச் சாப்பிட்டதில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று எழுதச் சொன்னார்கள். சொல்கிறேன்.

விழுப்புரம் போய் வந்த அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், ஒரு மோட்டாரைக் கட்டி முடித்ததும் இன்சுலேஷன் பேப்பரில் ஒரு துண்டு கிழித்து, "சுற்றியது ம. கனகவல்லி" என்று எழுதினேன். மோட்டாரின் ஒயர் பெட்டி மூடிக்கு உட்புறம் ஒட்டி, மேலே வார்னிஷ் பூசினேன். அண்ணனுக்குத் தெரியாது. அதன் பிறகு என் கையை விட்டுப் போன எந்த மோட்டாரும் அந்தச் சீட்டு இல்லாமல் போனதில்லை.

ஐந்தாறு வருடம் போனது. மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மோட்டாரோடு கடைக்கு வந்தார். அண்ணன் எழுந்து போனான். பெரியவர் அவனிடம் மோட்டாரைக் கொடுக்கவில்லை.

"இங்க கனகவல்லின்றது யாரு?"

அண்ணன் விழித்தான். "எதுக்குங்க?"

"மூடியக் கழட்னேன், உள்ள சீட்டு இருந்திச்சி. பக்கத்துக் கொல்லைக்காரனுது வருசத்துக்கு ரெண்டு வாட்டி எரியுது. இங்க கட்னப்புறம் என்துக்கு இதான் மொத வாட்டி. அவங்க கையாலதான் சுத்தணும்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு வழிவிட்டு ஒதுங்கி, என் பக்கம் கையைக் காட்டினான். பெரியவர் மோட்டாரைக் கொண்டுவந்து என் காலடியில் இறக்கினார்.