கடைசி இரண்டு கிலோமீட்டர்

வீட்டை ஒட்டிய காலிமனையில் லாரி நின்றுவிட்டது, என்ஜின் நிற்கவில்லை. கதவை முழுக்கத் திறக்கப் பொறுமையின்றி இடுக்கு வழியாகவே குதித்த அவசரண்ணன், டயர்களை ஒரு சுற்று உதைத்தார். பக்கக் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். தினமும் இதே ஐந்து நிமிடம். மனிதகுலம் கண்டதிலேயே மிக நீளமான ஐந்து நிமிடம் அதுதான்.

அவசரண்ணன் என்பது தெரு வைத்த பெயர். சோறு வெந்ததா என்று மூடியைத் திறந்து திறந்தே அதை வேகவிடாமல் செய்பவர். முடிவெட்டும் நாற்காலியிலிருந்து பாதித் தலையோடு எழுந்துபோய், மீதியை மறுநாள் முடித்துக்கொண்டவர். கேட்டால், "உக்காந்தா துருப் புடிச்சிடும்" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் என்ஜினை மட்டும் உடனே அணைக்க மாட்டார். "என்ஜினுக்குக் காத்து ஊதுற டர்போ, ஓடி வந்த சூட்டுல கொதிச்சுக் கெடக்கும். படக்குன்னு ஆஃப் பண்ணினா எண்ணெய் போறது நின்னுடும். உள்ள இருக்கிறது கருகி அடையாயிடும்." ஒரு காலத்தில் படக்கென்று அணைத்தவர்தான். டர்போ போய், நெடுஞ்சாலை ஓரம் மெக்கானிக்குக்காக இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். செலவைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. உட்கார்ந்ததைத்தான் இன்னும் சொல்லி மாளவில்லை.

இந்த ஐந்து நிமிடத்தால் வீடே கைவிட்டுப் போகப் பார்த்தது. மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் சாயங்காலம் நாலு மணிக்குக் கண்ணயர்பவர். ஜன்னல்கள் நடுங்க, கொடியில் காயும் வெள்ளைச் சட்டைகள் புகையில் நிறம் மாற, ஒரு மாதம் பொறுத்தார். பிறகு, காலி செய்யச் சொல்லும் தாளை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இன்னொரு நாள் இங்க நின்னு உறுமினா இத நீட்டிடுவேன்" என்றார். லாரி நிறுத்தக் காலிமனையோடு இன்னொரு வாடகை வீடு எங்கே கிடைக்கும்? அவசரண்ணன் மனைவி மூட்டை கட்டுவதற்காகப் பாத்திரங்களை எண்ணத் தொடங்கினாள். மெயின் ரோட்டில் நிறுத்தி ஆற்றிப் பார்த்தால், பின்னால் வந்தவர்கள் ஹாரனாலேயே திட்டினார்கள்.

மெக்கானிக்கான மச்சினன்தான் வைத்தியம் சொன்னான். "நின்னுதான் ஆத்தணும்னு இல்ல மாமா. கடைசி ரெண்டு கிலோமீட்டர மெதுவா உருட்டிட்டு வாங்க. வர்றதுக்குள்ள ஆறிடும்."

அவசரண்ணன், மனைவி பக்கம் திரும்பி, "பேசாம வீட்டையே மாத்திடலாமா?" என்றார். அவள் பார்த்த பார்வையில் மறுநாளே உருட்டத் தொடங்கினார்.

லாரி ஊர்வலமாக வந்தது. சைக்கிள்கள் முந்தின. பள்ளிப் பிள்ளைகள் நடந்தே முந்தினார்கள். தள்ளுவண்டிக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "வண்டில ஏதும் கோளாறாண்ணே?" என்று பரிவோடு விசாரித்ததை அவசரண்ணன் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். தெருமுனையில் காய்கறிப் பையோடு வந்த வீட்டுக்காரர் லாரிக்கு இணையாக நடந்தார். அவசரண்ணனால் தாங்க முடியவில்லை. "ஏறிக்குங்க சார்" என்றார்.

"வேணாம்ப்பா. நேரமாச்சு, போய்த் தூங்கணும்."

அவர் முன்னால் போய், சட்டைப்பையில் கைவைத்தபடி வாசலில் காத்து நின்றார். லாரி காலிமனையில் ஏறி நின்றது. நின்ற வேகத்திலேயே சாவி திரும்பியது. ஒரு ஜன்னலும் நடுங்கவில்லை. வீட்டுக்காரர் தாளை வெளியே எடுத்தார். நாலாக மடித்திருந்ததை எட்டாக மடித்து, மறுபடி பையில் செருகிக்கொண்டு மாடியேறினார்.

அணைந்த வண்டிக்குள் அவசரண்ணன் இன்னும் உட்கார்ந்திருந்தார். அவர் வலது கால் மட்டும் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தது.