ஒரே நான்கு வரி

போர்க்காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலை பார்த்தேன். காணாமல் போனவர்களைத் தேடுவதற்கென்று மின்னஞ்சல் குழு ஒன்று வைத்திருந்தோம். அதன் பழைய கடிதங்களைப் புதிய மென்பொருளின் வடிவத்துக்கு மாற்ற நானே ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்னக் கணினி நிரல், எழுதினேன். ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும்படி அமைத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அடுத்த திங்கட்கிழமை இறக்கக்கண்டியிலிருந்து யோகமக்கா வந்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத கணவரைத் தேடி வாராவாரம் அதே நான்கு வரியைச் சொல்லி எழுதுவிப்பவர். நான் பழையதையே நகலெடுத்து ஒட்டி அனுப்பிவிடுவேன். இப்போது திரையில் ஒரு கடிதம்தான் இருந்தது.

"மற்றதெல்லாம் எங்க தம்பி?"

"எல்லாம் ஒண்டுதானே அக்கா. அதுதான் ஒண்டை மட்டும் வச்சனான்."

"ஒண்டில்லை. அந்தந்தக் கிழமையும் அவர் வரேல்லை எண்டுதானே எழுதுவிச்சனான்."

நல்லவேளை, பழைய கோப்பை அழித்திருக்கவில்லை. ஸ்கிரிப்டைத் திருத்தி முதலிலிருந்து ஓட்டினேன். இரண்டு தடவை மின்சாரம் போனது. விடவில்லை. அக்காவும் கதிரையை விட்டு எழும்பவில்லை. பின்னேரம் அவருடைய கடிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு திகதியாகப் பார்த்துவிட்டு, "இண்டைக்கும் எழுதுங்கோ" என்றார்.

அந்த நான்கு வரியும் எனக்கு மனப்பாடம். என்றாலும் அவர் சொல்லச் சொல்ல, முதல் தடவை கேட்பவனைப்போல் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்.