செவ்வாயில் எந்த இடம்?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு விண்வெளிப் படத்துக்குப் பிரதம விருந்தினராகப் போனேன். தியேட்டரில் இல்லை, சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில். இருபது நிமிடக் குறும்படம். இயக்குநர் மதுரா, என் பள்ளித் தோழன் குணத்தின் மகள்.

படம் தொடங்குமுன் மதுரா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"மாமா, அப்பாவை முன்வரிசையிலை இருத்துங்கோ. அவருக்காகத்தான் இந்தப் படமே."

"ஏன் பிள்ளை?"

"ஹீரோவைத்தான் கட்டப்போறன். அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை."

சரிதான். நேரே சொல்லப் பயந்து, செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றி வந்திருக்கிறாள்!

கதை இதுதான். செவ்வாயிலிருந்து ஓர் இளைஞன் வெங்காயத் தோட்டத்தில் வந்து இறங்குகிறான். விண்கலம் என்பது அலுமினியப் பேப்பர் சுற்றிய தண்ணீர்த் தாங்கி. முகமெல்லாம் வெள்ளிப் பெயின்ட். ஆனால் பேச்சு? பழைய காவிய நாயகன் தோற்றான். "எங்கள் கிரகத்தில் இரண்டு நிலா. இரண்டையும் சேர்த்தாலும் உன் முகத்துக்கு ஈடில்லை" என்கிறான். எனக்கே லேசாக வெட்கம் வந்தது.

பெண்ணின் தகப்பன் எல்லாவற்றுக்கும் சம்மதிக்கிறார். தலையில் அன்டெனாவா? தொப்பி போடலாம். நெற்றியில் மூன்றாவது கண்ணா? நல்லது, சைவப் பிள்ளைதான். கடைசியாக மெல்லக் கேட்கிறார்: "தம்பி, செவ்வாயிலை எந்த இடம்?"

எங்கள் பக்கத்தில் இது பூகோளக் கேள்வி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்தானே... ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். ஆள் என்ன சாதி, எந்தக் கோயில், யார் வீட்டில் சாப்பிடலாம் என்று மிச்சத்தை நாங்களே கண்டுபிடித்துவிடுவோம்.

பையனின் பதில் தகப்பனுக்குப் பிடிக்கவில்லை. விண்கலம் திரும்பிப் போகிறது. பெண் தோட்டத்தில் தனியே நிற்கிறாள். மண்டபம் கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவன் குணம்.

நான் எழுந்து பேசினேன். நம் பழைய கவிதைகளில் கடற்கரைப் பையனும் வயற்காட்டுப் பெண்ணும் ஊர் விசாரிக்காமலே காதலித்தார்கள் என்றேன். பக்கத்து வீட்டுக்காரரை நேரே திட்ட முடியாது, செவ்வாய்க்காரனை வைத்துத் திட்டலாம், விஞ்ஞானப் படத்தின் வசதியே அதுதான் என்றேன். குணம் அதற்கும் தட்டினான்.

பிறகு ஹீரோ நிரோஜன் மேடைக்கு வந்தான். பெயின்ட் கழுவியிருந்தும் காதோரம் கொஞ்சம் மினுங்கியது. படப்பிடிப்பு நடந்தது குணத்தின் தோட்டத்தில்தான். இந்தச் செவ்வாய்க்காரனுக்கு குணமே பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்திருக்கிறான். ஆனால் வெள்ளி பூசிய முகத்திடம் யார் விசாரணை வைப்பார்கள்? அன்றுதான் குணம் அவன் உண்மை முகத்தைப் பார்த்தான். ஓடிப்போய்க் கையைப் பிடித்தான்.

"அருமையாய் நடிச்சிருக்கிறீர், தம்பி. எந்த இடம்?"

மண்டபத்தில் கூரை பறக்கச் சிரிப்பு.

"வல்வெட்டித்துறை, ஐயா" என்றான் நிரோஜன், மெதுவாக. கடற்கரை ஊர், வேறு சாதி.

படம் யாருக்காக எடுத்தது என்று குணத்துக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பி மகளைப் பார்த்தான். அவள் கண்ணெல்லாம் தண்ணீர். குணம் வடை, தேத்தண்ணி எதையும் தொடாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"எல்லாம் பிழையாப் போச்சு மாமா" என்றாள் மதுரா. ஊர் கேட்காத காதலைப் பற்றி அரைமணி நேரம் முழங்கியவனிடம் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலை போன் அடித்தது. குணம்.

"மச்சான், அந்தப் படத்திலை தேப்பன் கேட்டதைத்தானே நானும் கேட்டனான்?"

"ஓம்."

"எல்லாரும் சிரிச்சவை. பிள்ளை மட்டும் சிரிக்கேல்லை. அதுதான் கண்ணுக்கை நிக்குது."

அவனே தொடர்ந்தான்.

"விண்கலம் இறங்கினது என்ரை தோட்டத்திலைதானே... என்னெண்டு திருப்பி அனுப்புறது? நீ ஒரு உதவி செய். பொடியன்ரை சாதகத்தை வாங்கித் தா. பொருத்தம் பாப்பம்."

பூமிக்குச் சந்தோஷம்தான்! ஆனாலும் பாருங்கள்... செவ்வாயிலிருந்தே மாப்பிள்ளை வந்து இறங்கினாலும், அவனுக்குச் செவ்வாய் தோஷம் இருக்கிறதா என்று பார்க்காமல் நாங்கள் விடமாட்டோம்.